துப்பாக்கியின் உதையும் ஓசையும்

ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த ஜவ்வாது மலைக் கிராமங்களில் சாமைக் கதிர் முற்றும் பருவம் வந்துவிட்டால் குடியானவனுக்கு இரவில் உறக்கம் இல்லை. பகலெல்லாம் உழைத்தவன் இரவிலும் பரண் மீதேறிக் காவல் இருக்கவேண்டும். ஒரு நாழிகை கண்ணயர்ந்தால் பன்றிக் கூட்டம் கொல்லையில் இறங்கி, தின்பது பாதியும் மிதிப்பது பாதியுமாக ஒரு வருஷத்து உழைப்பை அழித்துச் செல்லும். இக்காவலுக்குத் தகரமும் தீப்பந்தமும் போதாத இடங்களில், லைசென்சு பெற்ற சிலர் துப்பாக்கியையும் துணையாகக் கொள்ளுகின்றனர்.

துப்பாக்கி வெடிக்கும்போது அதனைப் பிடித்திருப்பவன் இரண்டு உபாதைகளுக்கு உள்ளாகிறான். ஒன்று தோளில் விழும் உதை; மற்றொன்று செவியில் விழும் ஓசை. உதையைக் குறைப்பதற்கென்று ஏற்பட்ட உபாயங்களுள் சில ஓசையைப் பெருக்கிவிடுகின்றன. ஆகவே இது ஒரு வரவு செலவுக் கணக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் பற்றும் வரவும் எழுதிப் பழகிய அங்கத்தினர்களுக்கு இக்கணக்கை விளங்கச் செய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. எந்தத் துப்பாக்கி, எதற்காக?

முதலில் சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்வது அவசியம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் இந்நாட்டில் வேட்டை தடுக்கப்பட்டிருக்கிறது. காட்டுப்பன்றியும் அச்சட்டத்தின் அட்டவணையில் அடங்கிய பிராணியே. தமிழ்நாடு சர்க்கார் 2025ஆம் வருஷம் ஜனவரி மாதம் பிறப்பித்த உத்தரவின்படி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் தூரத்திற்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். சுடுபவரும் வனத்துறையினரேயன்றிக் குடியானவர் அல்லர். ஆகவே காட்டை ஒட்டிய மலைக் கொல்லைகளில் பன்றியைச் சுட்டு வீழ்த்துதல் என்ற பேச்சுக்கே இடமில்லை.

துப்பாக்கி வைத்திருப்பதற்கோ 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்சு வேண்டும். பயிர்க் காவலின் பொருட்டு மெய்யாகவே தேவைப்படுவோர்க்கு, குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு அளிக்க அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால், உட்புறம் வரிகளற்ற வழுவழுப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கும் லைசென்சு அளிக்கலாம். லைசென்சு இல்லாத நாட்டுத் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். இப்பாடத்தில் கூறப்படுவன யாவும் லைசென்சு பெற்ற துப்பாக்கியைக் குறித்தவையே.

2. உதை எதனால் உண்டாகிறது?

ஓடத்திலிருந்து கரைக்குத் தாவுகிறவன் முன்னே செல்ல, ஓடம் பின்னே நகர்வதை யாவரும் கண்டிருப்பர். துப்பாக்கியின் உதையும் இத்தகையதே. ரவை முன்னே பாய்கிறது. அதே அளவு உந்துதலோடு துப்பாக்கி பின்னே வருகிறது. முன்னே பாய்வது ரவை மட்டுமன்று. மருந்து எரிந்து உண்டாகும் ஆவியும் குழலின் வாயிலிருந்து மிகுந்த வேகத்தோடு வெளிப்படுகிறது. அதன் உந்துதலும் உதையோடு சேருகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 3.2 கிலோ எடையுள்ள 12 போர் தோட்டாத் துப்பாக்கி ஒன்று; அதில் 32 கிராம் ரவையும் 3 கிராம் தக்கையும் விநாடிக்கு 370 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். இவற்றின் உந்துதல் ஏறக்குறைய 13 பங்கு. ஆவியின் உந்துதல் ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. ஆக மொத்தம் பதினான்கரை. இதனைத் துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி பின்னோக்கி வரும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய நாலரை மீட்டர் ஆகிறது. அத்துப்பாக்கியையே ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தோளின்மேல் நழுவவிட்டால் எவ்வளவு பலத்தோடு விழுமோ, அவ்வளவு பலத்தோடு உதை விழுகிறது என்பது இதன் கருத்து.

இவ்வுதையால் தோளில் கன்றுதல் உண்டாகும். அதைவிடப் பெரிய தீங்கு, சுடுகிறவன் அடுத்த முறை உதைக்கு அஞ்சி, விசையை இழுக்குமுன்பே கண்ணை மூடி உடலைக் குலுக்கிக்கொள்வதாகும். அவன் குறி தவறும். ஊரும் கொட்டகையும் அருகிலிருக்கும் கொல்லையில் தவறிய ரவை எங்கே செல்லும் என்று யாரால் சொல்லமுடியும்? ஆதலின் உதையைக் குறைப்பது நியாயமான விருப்பமே. எந்த வழியால் குறைப்பது என்பதே கேள்வி.

3. குழல்வாய்த் தடை

மேல்நாடுகளில் வேட்டை ரைபிள்களின் குழல் வாயில் பக்கத் துளைகளோடு கூடிய ஒரு குமிழைத் திருகிப் பொருத்துகின்றனர். 'மஸில் பிரேக்' என்பது அதன் பெயர். குழல்வாய்த் தடை என்று நாம் கூறலாம். நேரே முன்னால் பாயவேண்டிய ஆவியை அது பக்கங்களிலும், சிறிது பின்புறமாகவும் திருப்பிவிடுகிறது. பக்கமாகச் செல்லும் ஆவி துப்பாக்கியைப் பின்னே தள்ளுவதில்லை; பின்புறமாகச் செல்லும் ஆவியோ அதனை முன்னே இழுக்கிறது. இவ்வுபாயம் முதலில் பீரங்கிகளுக்கே ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பீரங்கிப் படையார் இதனைச் சோதித்துப் பார்த்தனர். பிற்பாடு கைத்துப்பாக்கிகளுக்கும் வந்தது. மருந்து மிகுதியாகக் கொள்ளும் ரைபிள்களில் இது உதையின் பலத்தை மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையில் குறைப்பதுண்டு. இது வரவு.

இனிச் செலவைக் காண்போம். வெடியோசை என்பது அவ்வாவி திடீரென்று காற்றில் விரிவதால் உண்டாவதே. முன்னே சென்ற ஓசையைப் பின்னே திருப்பினால் அது சுடுகிறவன் செவியிலும், அவன் பக்கத்தில் நிற்பவன் செவியிலும் வந்து விழும். தடையில்லாத துப்பாக்கியைவிடத் தடை பொருத்திய துப்பாக்கியின் ஓசை சுடுகிறவன் செவியில் 5 முதல் 10 டெசிபெல் வரையில் மிகுந்திருக்கும்.

பத்து டெசிபெல் என்றால் சொற்பமென்று எண்ணிவிடலாகாது. டெசிபெல் என்பது கிலோ, மீட்டர் போன்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டும் அளவன்று, பெருக்கும் அளவு. 3 டெசிபெல் ஏறினால் ஓசையின் சக்தி இரட்டிக்கும். 10 டெசிபெல் ஏறினால் பத்து மடங்காகும். தடையோடு ஒருமுறை சுடுவது, செவியின் கணக்கில், தடையின்றிப் பத்துமுறை சுடுவதற்குச் சமமாகலாம்.

4. செவியின் கணக்கு

மனிதர் சாதாரணமாகப் பேசும் ஓசை ஏறக்குறைய 60 டெசிபெல். துப்பாக்கி வெடியின் உச்ச ஓசை, வகைக்குத் தக்கபடி, 140 முதல் 170 டெசிபெல் வரையில் இருக்கிறது. ஒரே ஒரு வெடியாயினும் 140 டெசிபெல்லுக்கு மேற்பட்டது செவிக்குத் தீங்கென்று வைத்தியர்கள் வரையறுத்திருக்கின்றனர். குழந்தைகளுக்கு இவ்வரம்பு 120 ஆகும். எனவே தடையில்லாத துப்பாக்கியே வரம்பைக் கடந்தது. ஏற்கெனவே கடனில் மூழ்கியவன் மேலும் பத்து மடங்கு வட்டியை ஏற்பது போன்றது, அதன்மேல் தடையையும் பொருத்துவது.

உட்செவியில் நத்தை ஓட்டைப் போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதனுள் ஒவ்வொரு செவிக்கும் ஏறக்குறைய 15,000 நுண்ணிய மயிரணுக்கள் வரிசையாய் நிற்கின்றன. ஓசையை உணர்ந்து மூளைக்கு அறிவிப்பவை இவையே. பலத்த வெடியால் இவை ஒடிந்து மடிகின்றன. தோளின் கன்றல் ஒரு வாரத்தில் ஆறும். முறிந்த எலும்பும் கூடும். மடிந்த மயிரணுவோ மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை. அதற்கு மருந்தும் இல்லை.

இக்கேடு ஒரே நாளில் வெளிப்படுவதுமில்லை. சுட்ட பின்னர் சிறிது நேரம் காது அடைத்தாற்போலவும், உள்ளே வண்டு இரைவது போலவும் இருக்கும், மறுநாள் நீங்கிவிடும். நீங்கிவிட்டதென்று எண்ணியவன் மீண்டும் சுடுவான். முதலில் மறைவன மெல்லிய கூரிய ஓசைகள்: சருகின் சலசலப்பு, பூச்சியின் ஒலி, குழந்தையின் குரல். வலத்தோளில் வைத்துச் சுடுபவனுக்கு இடச்செவியே பெரும்பாலும் முந்திக் கெடும். ஏனெனில் அது குழல் வாயை நோக்கியிருக்கிறது, வலச்செவிக்குத் தலையே ஒரு மறைவாகிறது. இருளில் பன்றி வருவதைச் சருகின் ஓசையால் அறியவேண்டிய காவற்காரனுக்கு அவ்வோசையே கேளாது போனால், அவன் கையிலுள்ள துப்பாக்கியால் என்ன பிரயோஜனம்? யானை நடமாடும் காடுகளில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

அருகில் நிற்பவருக்கு நேரும் கேட்டிற்குப் பெயர்பெற்ற வேட்டைக்காரர் ஒருவரே சாட்சி. குமாவுன் மலைகளில் மனிதரைக் கொன்று தின்ற புலிகளை வீழ்த்திய ஜிம் கார்பெட், 1929ஆம் வருஷம் தெராய்க் காட்டில் ஒரு வேட்டையின்போது பக்கத்திலிருந்தவர் சுட்ட பெரிய ரைபிளின் வாய் தமது இடச்செவிக்கு மிக அருகில் இருந்தமையால் செவிப்பறை கிழியப்பெற்றார். புண் சீழ்கொண்டு தலை வீங்கிய நிலையிலேயே அவர் தல்லா தேஸ் புலியைத் தேடிச் செல்லவேண்டியிருந்தது. இதனை அவரே 1954இல் வெளிவந்த தம் புத்தகத்தில் விவரித்திருக்கிறார். காட்டை நன்கறிந்தவருக்கும் ஒரே வெடியில் இது நேர்ந்தது.

5. ஓசையைப் பெருக்காமல் உதையைக் குறைக்கும் வழிகள்

உதையைக் குறைக்கக் குழல்வாய்த் தடை ஒன்றே வழியன்று. செவியிடம் கடன் வாங்காத வழிகள் பல உண்டு.

முதலாவது, எடை. மேற்கூறிய துப்பாக்கி 3.2 கிலோவுக்குப் பதில் 2.6 கிலோவாக இருந்தால் உதையின் பலம் நான்கில் ஒரு பங்கு மிகும். சுமப்பதற்கு இலேசான துப்பாக்கி சுடுவதற்குக் கடுமையானது.

இரண்டாவது, அளவான கெட்டிப்பு. 32 கிராம் ரவையை 28 கிராமாகக் குறைத்தால் மொத்த உந்துதல் பதினான்கரையிலிருந்து பதின்மூன்றாகக் குறையும். இனி, அதே துப்பாக்கியில் மிகச் சிறந்த தடையொன்றைப் பொருத்தி ஆவி முழுவதையும் பக்கவாட்டில் திருப்பிவிட்டதாகக் கொண்டாலும், குறைவது அந்த ஒன்றரைப் பங்குதானே? அதாவது நாலு கிராம் ரவையைக் குறைப்பதால் வரும் லாபமும், தடை பொருத்துவதால் வரும் லாபமும் இங்கே ஒன்றே. முன்னதற்குச் செலவு இல்லை. பின்னதற்குச் செவி விலை. மருந்து மிகுந்த ரைபிளில் ஆவியின் பங்கு நாலில் ஒன்று வரையில் இருப்பதால்தான் அங்கே தடை பயன் தருகிறது. ரவைத் துப்பாக்கியில் அது பத்தில் ஒரு பங்கே.

மூன்றாவது, தோளில் படும் பரப்பு. சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடியவரும் பல நூல்களை எழுதியவருமான கென்னெத் ஆண்டர்சன் (1910–1974) கையாண்டது 0.405 வின்செஸ்டர் ரைபிள். அவ்வகை ரைபிள் உதைக்குப் பெயர்போனது. அதன் பழைய உருவில் அடிக்கட்டை பிறைபோல் வளைந்து இரும்புத் தகடு தைக்கப்பட்டிருந்தமையும் அதற்கொரு காரணம். அதே பலம் சிறு பரப்பில் விழுந்தால் குத்தும். அகன்ற மெத்தென்ற பரப்பில் விழுந்தால் தள்ளும். அடிக்கட்டையில் இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள ரப்பர்த் திண்டு ஒன்றைப் பொருத்துவதால் உதை நீண்ட நேரத்திலும் அகன்ற இடத்திலும் பரவுகிறது. ஓசை ஓர் அணுவும் மிகுவதில்லை.

நான்காவது, நிற்கும் முறை. அடிக்கட்டையைத் தோள்குழியில் இறுக அணைத்து, இடக்காலை முன்வைத்துச் சிறிது முன்சாய்ந்து நிற்பவனுடைய உடலின் எடையும் துப்பாக்கியின் எடையோடு சேருகிறது. அடிக்கட்டைக்கும் தோளுக்கும் இடையே இடைவெளி விட்டவனுக்கு அது சம்மட்டி அடியாகிறது.

6. செய்யத்தகாதவை

குழலின் நுனியை அறுத்துக் குறுக்குவதை ஒருவரும் செய்யலாகாது. எடை குறைவதால் உதை மிகும்; வாய் செவிக்கு அருகில் வருவதாலும் ஆவி முற்றும் தணியாமுன் வெளிப்படுவதாலும் ஓசையும் மிகும். இரண்டு கணக்கிலும் நஷ்டமே. ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு லைசென்சின்றி அதனைத் தடுத்தும் இருக்கிறது.

கொல்லன் உலையில் கொடுத்துக் குழலில் துளையிடுவிப்பது அதனினும் ஆபத்து. துளையிட்ட நாட்டுக் குழல் வலுவிழந்து கையிலேயே வெடிக்கக்கூடும். லைசென்சு இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றியமைப்பதும் 5ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

ஓசையை அடக்கும் 'சைலென்சர்' என்னும் கருவியை 1909ஆம் வருஷம் அமெரிக்காவில் ஹிராம் பெர்ஸி மாக்சிம் என்பவர் பதிவுசெய்தார். அது ஆவியை அறைகளில் தேக்கி மெல்ல விடுவதால் உதை, ஓசை இரண்டையும் குறைக்கிறது. ஆயினும் நம் நாட்டுச் சட்டம் அக்கருவியையே ஒரு துப்பாக்கியாக மதிக்கிறது. அனுமதியின்றி வைத்திருத்தல் குற்றம். மேலும், பயிர்க் காவலில் ஓசையன்றோ வேண்டப்படுவது?

7. கொல்லைக்கு ஏற்ற முறை

இவ்விடத்தில் ஒரு விசேஷத்தை நினைவில் வைக்கவேண்டும். வேட்டைக்காரனுக்கு வெடியோசை வெறும் நஷ்டம். பயிர்க் காவற்காரனுக்கோ அதுவே வேலையாள். பன்றியை விரட்டுவது ஓசையே. ரவையின்றி மருந்தும் தக்கையும் மாத்திரம் கெட்டித்து வானை நோக்கிச் சுட்டால் உதை மிகச் சொற்பமாகிறது. எனவே உதை என்ற பிரச்சினையே ஏறக்குறைய நீங்கிவிடுகிறது. எஞ்சியது செவியைக் காப்பது ஒன்றே. பன்றியின் செவிக்குச் செல்லவேண்டிய ஓசை தன் செவிக்குச் செல்லாதபடி பார்த்துக்கொள்வதே காவற்காரனின் சாமர்த்தியம்.

காதடைப்பான் என்று கடைகளில் விற்கும் நுரை ரப்பர் அடைப்புகள், சரியாகச் செருகினால், 20 முதல் 30 டெசிபெல் வரையில் ஓசையைத் தணிக்கும். விரல்களால் உருட்டி மெலிதாக்கி, மறுகையால் காதின் மேல்நுனியைச் சற்று மேலே இழுத்து உட்செலுத்தி, அது விரியும் வரையில் பிடித்திருத்தல் வேண்டும். வெறும் பஞ்சு போதாது. அது தணிப்பது மிகச் சொற்பம். இரவெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தால் விலங்கு வரும் ஓசை கேளாதே என்பர் சிலர். அது மெய்யே. அதற்காகவே கயிற்றில் கோத்த அடைப்புகள் கிடைக்கின்றன. அவற்றைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சுடுமுன் மட்டும் செருகலாம். அந்த நேரம் வீணாகாது. கை நடுக்கம் தணியவும், யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவும் உதவும்.

உடனிருப்பவர் குழலுக்குப் பக்கத்திலோ முன்னாலோ நிற்கலாகாது. சுடுபவனுக்குப் பின்னால் விலகி நிற்றல் வேண்டும். தூரம் இரட்டித்தால் ஓசை 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் நிற்பவன் நாலு மீட்டருக்கு விலகினால் 12 டெசிபெல் லாபம். பரணில் குழந்தைகளை வைத்துக்கொண்டு சுடுவது ஒருபோதும் தகாது.

வெடியோசையும் நாளடைவில் விலங்குகளுக்குப் பழகிப்போகும். ஆகவே வெடியை மிகச் சிக்கனமாகவே உபயோகிக்கவேண்டும். தகரம், பறை, விளக்கு, முள்வேலி, அண்டைக் கொல்லைக்காரரோடு முறைவைத்துக் காத்தல் ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கையாளுவது நலம். மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சும் வேலி மனிதரையும் யானையையும் கொல்வது, சட்டவிரோதமானது. அதனை நாடலாகாது.

8. சங்கம் செய்யத்தக்கவை

தனியொருவன் நகரத்துக்குச் சென்று ஒரு ஜோடி காதடைப்பான் வாங்குவது அரிது. சங்கம் மொத்தமாக வரவழைத்து அங்கத்தினர்க்கு அடக்கவிலைக்குக் கொடுப்பது எளிது. லைசென்சு பெற்ற அங்கத்தினர்களின் துப்பாக்கிகளை வருஷம் ஒருமுறை, லைசென்சு பெற்ற பழுதுபார்ப்பவரிடம் சேர்த்துக் காட்டலாம். குழலின் வலுவைச் சோதிக்கவும், ரப்பர்த் திண்டு பொருத்தவும் அது தக்க சமயம். பலகாலம் சுட்டவர்கள் அரசினர் மருத்துவமனையில் செவியைப் பரிசோதித்துக்கொள்ளும்படி சங்கக் கூட்டத்தில் நினைவூட்டலாம். காவல் முறையைச் சங்கமே வகுத்தால் ஒவ்வொருவரும் சுடவேண்டிய வெடியின் எண்ணிக்கையே குறையும். செவிக்கு அதனினும் சிறந்த காப்பு வேறில்லை.

இப்பாடத்தின் முடிவு இது: உதை பெரிதென்று தோன்றுவது, அது உடனே வலிப்பதால். ஓசை சிறிதென்று தோன்றுவது, அது வலியின்றித் தின்பதால். தோளின் நோவை எடையாலும் திண்டாலும் அளவான கெட்டிப்பாலும் தீர்த்துக்கொள்ளலாம். செவியை விற்றுத் தோளைக் காப்பது நஷ்ட வியாபாரம்.

கேள்விகள்

1. ஓடத்தின் உதாரணத்தால் துப்பாக்கியின் உதையை விளக்குக.
2. குழல்வாய்த் தடை ரைபிளில் தரும் லாபத்தை ரவைத் துப்பாக்கியில் ஏன் தருவதில்லை?
3. ஓசை 10 டெசிபெல் மிகுந்தால் அதன் சக்தி எத்தனை மடங்காகும்?
4. குழலைக் குறுக்குவதால் உதையும் ஓசையும் மிகுவதற்குக் காரணம் யாது?
5. உங்கள் கிராமத்தில் காவல் முறை வகுத்தால் ஒரு வீட்டிற்கு வாரத்தில் எத்தனை இரவு வரும் என்று கணக்கிட்டுச் சங்கக் கூட்டத்தில் தெரிவிக்கவும்.